நான்காவது கிலோமீட்டர்

இரவில் இரண்டு முறை மின்சாரம் போனது.
அலாரத்தைக் கேட்டேன், அணைத்தேன்,
ஆறே முக்காலுக்குத்தான் முனிர்காவின்
இருட்டுப் படிகளில் இறங்கினேன்.
ஜூன் மாத டெல்லியில் அது விடியல் அல்ல.
அடுப்பு மூட்டி அரைமணி ஆகிவிட்ட சமையலறை.

முதல் கிலோமீட்டர்
பழைய கடனை அடைக்கிற மாதிரி.
இரண்டாவதில் உடம்பு கணக்குக் கேட்கும்:
மூச்சு இவ்வளவு, உப்பு இவ்வளவு,
நாற்பத்து மூன்று வயது இவ்வளவு.
வியர்க்கிறதா என்றே தெரியவில்லை,
துளிர்க்கும் முன் காற்று நக்கிவிடுகிறது.
கன்னத்தைத் தொட்டால் நறநறவென்று உப்பு.

ஊரில் இதைக் கத்திரி என்போம்.
நாள் குறித்து வரும், நாள் குறித்துப் போகும்.
இங்கே லூ.
தீ, பூ, ஈ என்று பள்ளியில் ஒப்பித்த
ஓரெழுத்து ஒரு மொழிகளோடு
நானே இதையும் சேர்த்துக்கொண்டேன்.

சாலையின் இருபுறமும் கொன்றை,
வெறிபிடித்த மஞ்சள்.
கொன்றை பூத்தால் கார்காலம் என்று
தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
இந்த மரங்கள் அந்தப் பாடத்துக்கு
வகுப்புக்கே வரவில்லை போல.

கூட ஓடும் ஹர்லீன் மே மாதமே நின்றுவிட்டாள்.
'சர்க்கரை' என்று டாக்டரைக் காட்டிச் சமாளிக்கிறேன்.
ஐம்பது நிமிடம் என்னை யாரும்
எதுவும் கேட்க முடியாது என்பதை
யாரிடம் சொல்வது.

மூன்று தாண்டி, குசும்பூர் பஹாடி திருப்பத்தில்
பின்னால் ஹாரன். ஒதுங்கினேன்.
தண்ணீர் லாரி.
தளும்பியது சாலையில் கோடு போட்டது,
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
கோடு காய்ந்தது.
அப்புறம் சந்துக்குள்ளிருந்து
ரப்பர் செருப்பு, வெறுங்கால், இடுப்பில் ஒரு பிள்ளை,
தோளில் சுருட்டிய பச்சைக் குழாய்கள்.
எல்லோரும் ஓடினார்கள்.
எந்தக் காலும் சரியாக ஊன்றவில்லை,
எல்லாக் காலும் என்னை முந்தின.

ஒருத்தி, என் வயதுதான் இருக்கும்,
விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
காலணியைப் பார்த்தாள்.
குழாய் முனையை என் கையில் திணித்து
"ஓடு தீதி, ஓடு" என்றாள்.

ஓடினேன்.
பின்னால் குழாய் சாரைப்பாம்பாய்ப் புரண்டு வந்தது.
அப்படியொரு வேகத்தை என் கைக்கடிகாரம்
என்னிடம் பார்த்ததே இல்லை.
லாரி முழுதாய் நிற்கவில்லை, ஏணியில் கால் வைத்தேன்,
இரும்பு உள்ளங்கையைச் சுட்டது.
மேலே நாலைந்து பையன்கள்,
தொட்டி வாய் நிறையக் குழாய்கள்.
முழங்கையால் இடித்தேன்.
அலுவலகத்தில் கோப்பைக்கூட
சத்தமில்லாமல் வைப்பவள்.

"யாரோடது?" என்றான் ஒருவன்.
எனக்கெப்படித் தெரியும்.
கீழேயிருந்து "சர்வேஷ்!" என்று அவளே கத்தினாள்.
"சர்வேஷோடது" என்றேன்,
சொந்தக்காரி மாதிரி.

அவள் மறுமுனையில் வாய்வைத்து உறிஞ்சினாள்,
துப்பினாள், மறுபடி உறிஞ்சினாள்.
நீல டிரம்மின் அடியில்
சத்தம் விழுந்தது.

பத்து நிமிடம்கூட இல்லை. லாரி காலி.
இறங்கியதும் ஒரு டம்ளர் நீட்டினாள்.
என் இடுப்புவாரில் எலுமிச்சையும் உப்பும் கலந்த பாட்டில்.
அதை எங்கே மறைப்பது?
வாங்கிக் குடித்தேன்.
ரப்பர் வாசம், கொஞ்சம் துரு, குளிர்ச்சி.

"நாளைக்கு வருவியா?"
"வருவேன்."
"நாளைக்கு லாரி கிடையாது. வியாழக்கிழமை."
"எத்தனை மணிக்கு?"
சிரித்தாள். பக்கத்து டிரம்காரியும் சிரித்தாள்.

ஓட்டம் முடிந்ததா என்று கடிகாரம் கேட்டது.
பதில் சொல்லவில்லை.
வெயில் ஏறிவிட்டிருந்தது, நடந்தே திரும்பினேன்.
உள்ளங்கையில் ஏணியின் இரண்டு சிவப்புக் கோடுகள்.
வியாழனுக்கு அலாரம் வைக்க வேண்டும்.
நேரம்தான் தெரியவில்லை.